தோளில் விழும் கை

ஷிப்டு விடும் நேரம். மில் கேட்டருகே காரிலிருந்து இறங்கி நிற்கிறார் மானேஜர். வெளியே வரும் தொழிலாளி ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். தோளில் கை போடுகிறார். "மகளுக்குக் காய்ச்சலென்று கேள்விப்பட்டேனே, இப்போது தேவலையா?" என்று விசாரிக்கிறார். இருபது வருஷமாக ஸ்பின்னிங்கில் நின்று நின்று கால் வீங்கிப்போன அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிடுகிறது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்கிறார். மறுநாள் சந்தா வசூலிக்க வரும் தோழரிடம், "நம்ம மானேஜர் தங்கமான மனுஷர் அண்ணே. நேரில் போய்ச் சொன்னாலே காரியம் நடக்கும். சங்கமெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறார்.

இந்தக் காட்சியைக் காணாத மில் உண்டா? இந்தக் கேள்வியைக் கேட்காத சங்க ஊழியர் உண்டா?

அந்தத் தொழிலாளியைக் கேலி செய்ய நாம் வரவில்லை. ஆயுள் முழுவதும் டோக்கன் நம்பரைச் சொல்லியே அதட்டப்பட்டவனைப் பெயர் சொல்லி அழைத்தால் அவன் மனம் இளகத்தான் செய்யும். அது மனித இயல்பு. நாம் பார்க்க வேண்டியது அந்தக் கையை. அது எப்போது வந்து தோளில் விழுகிறது? எதைக் கொடுக்கிறது? எதைக் கொடுக்க மறுக்கிறது?

நிர்வாகக் கல்வி என்ற பெயரில் இன்று ஒரு தனிச் சாஸ்திரமே நடக்கிறது. தொழிலாளியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள், பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல், காண்டீனில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடு, குறையைக் காது கொடுத்துக் கேள் என்று மானேஜர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். ஏதோ இப்போதுதான் கண்டுபிடித்த புதுமை போலப் பேசுகிறார்கள். புதுமை ஒன்றுமில்லை. இந்தப் பாடத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதன் முதல் பக்கங்கள் ரத்தத்தில் எழுதப்பட்டவை. அந்தக் கதையை நம் மில் தொழிலாளரும் வயல் தொழிலாளரும் தெரிந்துகொள்வது அவசியம்.

கொலராடோவில் நடந்தது

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாகாணம். அதன் தெற்குப் பகுதி முழுவதும் நிலக்கரிச் சுரங்கங்கள். அவற்றில் பெரிய கம்பெனி கொலராடோ எரிபொருள் இரும்புக் கம்பெனி. அதன் பெரும் பங்குதாரர்கள் ராக்பெல்லர் குடும்பத்தார். எண்ணெய் ஏகபோகத்தின் மூலம் உலகிலேயே பெரும் பணக்காரர்களாகிவிட்டவர்கள்.

அங்கே தொழிலாளி குடியிருந்த வீடு கம்பெனியுடையது. சாமான் வாங்கும் கடை கம்பெனியுடையது. டாக்டரும் கம்பெனி ஆள். துப்பாக்கியோடு காவல் நின்றவனும் கம்பெனி ஆள். கூலி நாள் கணக்கில் இல்லை. வெட்டி அனுப்பும் கரியின் எடைக்குத்தான் கூலி. அந்த எடையைப் பார்ப்பவன் யார்? அவனும் கம்பெனி ஆளே! சுரங்கம் இடிந்து விழாமல் மரம் முட்டுக் கொடுப்பதற்கும், வண்டி ஓட தண்டவாளம் போடுவதற்கும் கூலி கிடையாது. எடைக்கு வராத வேலைக்கு ஏது கூலி என்றார்கள். களத்தில் சின்ன மரக்காலால் அளந்து வாங்கிய தஞ்சைத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

சாவும் மலிவாக இருந்தது. 1910ஆம் ஆண்டில் மட்டும் இந்தக் கம்பெனியின் பிரிமெரோ, ஸ்டார்க்வில் என்ற இரண்டு சுரங்கங்களில் நடந்த வெடி விபத்துக்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

1913 செப்டம்பரில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கிரேக்கர், இத்தாலியர், மெக்சிகோக்காரர், ஸ்லாவியர் என இருபதுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்கள் அவர்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியக் கூடாதென்றே பல தேசத்தாரையும் கம்பெனிகள் கலந்து அமர்த்தியிருந்தன. ஆனாலும் ஒன்று சேர்ந்தார்கள். சங்கத்தை அங்கீகரி, கூலியைப் பத்து சதவீதம் உயர்த்து, எட்டு மணி நேர வேலை, எடை பார்க்க நாங்கள் தேர்ந்தெடுக்கும் ஆள், விருப்பமான கடையில் சாமான் வாங்க உரிமை, முட்டுக் கொடுக்கும் வேலைக்கும் கூலி, இருக்கிற சட்டத்தை அமல் செய்து துப்பாக்கிக் காவலர்களை வெளியேற்று. இவ்வளவுதான் கேட்டார்கள். இவற்றில் பல, அந்த மாகாணத்தில் ஏற்கெனவே சட்டமாக இருந்தவை! சட்டத்தை அமல் செய்யச் சொல்லி வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

கம்பெனிகள் குடும்பம் குடும்பமாக வீட்டைவிட்டுத் துரத்தின. குளிர்காலம் முழுவதும் பனியில் கூடாரம் அடித்து வாழ்ந்தார்கள். லட்லோ என்ற இடத்தில் இருந்த கூடார முகாமில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து கூடாரத்துக்கு அடியில் பள்ளம் தோண்டி, குழந்தைகளை அதற்குள் படுக்க வைத்தார்கள்.

1914 ஏப்ரல் 6ஆம் தேதி, ஜூனியர் ராக்பெல்லர் வாஷிங்டனில் பாராளுமன்றக் கமிட்டி முன் சாட்சி சொன்னார். கொலராடோவுக்குப் போய்ப் பத்து வருஷம் ஆயிற்று என்று ஒப்புக்கொண்டார். போட்ட முதல் அத்தனையும் போனாலும், ஆட்கள் செத்தாலும், சங்கத்தை ஏற்பதில்லை என்ற நிலையில் நிற்பீர்களா என்று கேட்டதற்கு, அது மகத்தான கொள்கை என்று பதில் சொன்னார். சங்கத்தில் சேராமல் இருக்கும் தொழிலாளியின் "சுதந்திர"த்தைத் தாம் காப்பாற்றுவதாகவும் சொன்னார். என்ன கருணை பாருங்கள்!

சரியாகப் பதினான்கு நாள் கழித்து, ஏப்ரல் 20ஆம் தேதி, மாகாணப் பட்டாளம் லட்லோ முகாமை மெஷின் துப்பாக்கியால் சுட்டது. அந்தப் பட்டாளத்தில் கம்பெனிக் காவலர்கள் பலர் சீருடை மாட்டிக்கொண்டு சேர்ந்திருந்தார்கள். முகாம் தலைவர் லூயிஸ் டிக்காஸ் என்ற கிரேக்கத் தோழர் பிடிபட்டார். துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடிபட்டார். முதுகில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாலையில் கூடாரங்களுக்குத் தீ வைத்தார்கள். மறுநாள் சாம்பலை விலக்கிப் பார்த்தபோது ஒரு கூடாரத்துக்கு அடியிலிருந்த பள்ளத்தில் பதினோரு குழந்தைகளும் இரண்டு பெண்களும் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள்.

நாடு கொதித்தது. நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆபீஸ் வாசலில் மறியல் நடந்தது. சுரங்கத் தொழிலாளர் ஆயுதம் ஏந்தினார்கள். பத்து நாள் சண்டை நடந்த பிறகு ஜனாதிபதி வில்சன் மத்தியப் படையை அனுப்பினார். ஆனால் சங்கத்தின் கையிருப்பு தீர்ந்தது. 1914 டிசம்பரில் கோரிக்கை நிறைவேறாமலே வேலைநிறுத்தம் முடிந்தது.

ராக்பெல்லர் ஆடிய நடனம்

இனித்தான் நம் விஷயம் வருகிறது.

துப்பாக்கியால் கெட்ட பெயரைத் துப்பாக்கியால் மீட்க முடியாதல்லவா? ராக்பெல்லர் இரண்டு பேரைக் கூலிக்கு அமர்த்தினார். ஒருவர் ஐவி லீ. பத்திரிகைகளுக்குச் செய்தி தயாரித்துத் தருவதையே தொழிலாகக் கொண்டவர். இன்னொருவர் மெக்கன்சி கிங். கனடாவின் தொழிலாளர் மந்திரியாக இருந்தவர், பிற்காலத்தில் அந்நாட்டின் பிரதம மந்திரியானவர். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நேர்முக உறவு இல்லாததே எல்லாத் தொல்லைக்கும் காரணம் என்பது கிங்கின் ஆலோசனை. கூலி குறைவு அல்ல, எடைத் திருட்டு அல்ல, துப்பாக்கி அல்ல; அறிமுகம் இல்லாததுதான் குறையாம்!

1915 செப்டம்பரில் ராக்பெல்லர் கொலராடோவுக்குப் புறப்பட்டார். சுரங்கம் சுரங்கமாகப் போனார். தொழிலாளியின் உடுப்பை மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினார். கடப்பாரையை வாங்கித் தாமே கரியை வெட்டிப் பார்த்தார். தொழிலாளரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வீடுகளுக்குள் போய்க் குழந்தைகளைத் தட்டிக் கொடுத்தார். காமெரான் என்ற சுரங்கக் குடியிருப்பில் நடந்த விருந்தில் தொழிலாளரின் மனைவிமாரோடு மாறி மாறி நடனம் ஆடினார். பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. நேற்றுவரை கொலைகாரர் என்று எழுதிய கைகள், "எளிமையான மனிதர்" என்று எழுதத் தொடங்கின.

பியூப்லோ நகரில் அக்டோபர் 2ஆம் தேதி தொழிலாளர் பிரதிநிதிகள் முன் பேசினார். ஒரு சின்ன மேஜையைக் கொண்டுவந்து வைத்தார். இதற்கு நான்கு பக்கம். பங்குதாரர், டைரக்டர், அதிகாரி, தொழிலாளி என்ற நால்வரும் நான்கு பக்கங்கள் என்றார். மேஜை மேல் காசுகளைக் கொட்டினார். தொழிலாளி தன் பங்கை எடுத்தான், அதிகாரி எடுத்தார், டைரக்டர்கள் எடுத்தார்கள். கடைசியில் பங்குதாரருக்குக் காசே மிஞ்சவில்லை என்று வெறும் மேஜையைக் காட்டினார். உலகப் பெரும் பணக்காரரின் மகன், பதினோரு குழந்தைகள் புதைந்த ஊருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று தொழிலாளியிடம் கணக்குக் காட்டுகிறார்! நம் மிராசுதார்கள்கூட வாசலில் நெற்குதிரை வைத்துக்கொண்டு "விளைச்சலே இல்லையடா" என்று சொல்வதுண்டு. இந்த மேஜை வித்தை அவர்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு திட்டத்தை வைத்தார். 150 தொழிலாளிக்கு ஒரு பிரதிநிதி என்று தேர்ந்தெடுக்கலாம். நிர்வாகத்தினரும் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் உட்காரும் கமிட்டிகள் உண்டு. விபத்துத் தடுப்புக்கு ஒன்று, சுகாதாரத்துக்கும் வீட்டுக்கும் ஒன்று, கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் ஒன்று, தகராறுகளைத் தீர்க்க ஒன்று. செலவு முழுவதும் கம்பெனி பொறுப்பு. ரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் ஆதரித்து வாக்களித்தார்கள். சங்கம் தோற்றுப்போய்க் கிடந்த நேரத்தில் எதிரே வைக்கப்பட்டது இது ஒன்றுதான்.

இந்தத் திட்டத்தால் ஒரு நன்மையும் விளையவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். குளியலறைகள் கட்டினார்கள். வீடுகளைப் பழுது பார்த்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது, மன்றம் வந்தது. சில மேஸ்திரிகளின் கொட்டம் அடங்கியது. இவையெல்லாம் உண்மை. ஆனால் 1904இல் வராத குளியலறை 1915இல் ஏன் வந்தது? ராக்பெல்லரின் மனம் இளகியதாலா? லட்லோவின் பள்ளத்தில் மூச்சுத் திணறிய பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தவை அவை.

கொடுக்காதது எது? சங்கம். கமிட்டிப் பிரதிநிதி கம்பெனியின் சம்பளக்காரர். வெளியே அவருக்குச் சங்கமில்லை, நிதியில்லை, வக்கீல் இல்லை. மற்ற சுரங்கத் தொழிலாளரோடு தொடர்பில்லை. தகராறு கம்பெனிக்குள்ளேயே ஒவ்வொரு படியாக ஏறிக் கம்பெனித் தலைவரின் மேஜைவரை போகும். வேலைநிறுத்தம் செய்யும் பலம் இல்லாதவன் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் அவன் விண்ணப்பதாரன்தான். எடை பார்ப்பதில் ஒரு ராத்தல் திருட்டை அவன் சுட்டிக் காட்டலாம். கரிக்கு இன்ன விலை கூலி என்று பேரம் பேச முடியாது.

நடனம் மறந்துபோக வெகு காலம் ஆகவில்லை. நேசத்தின் மீது கட்டிய அந்தக் கம்பெனியின் சுரங்கங்களில் 1919இல் வேலைநிறுத்தம். 1921இல் மறுபடி. 1927இல் மாகாணம் முழுவதும் பரவிய பெரும் வேலைநிறுத்தம். 1933இல் புதிய சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தவுடன் அந்தச் சுரங்கத் தொழிலாளர், பதினெட்டு வருஷம் ஊட்டி வளர்க்கப்பட்ட கம்பெனிக் கமிட்டியை விட்டுவிட்டுத் தங்கள் சங்கத்துக்கே திரும்பினார்கள். இதற்குள் ராக்பெல்லர் திட்டத்தைப் பார்த்து நூற்றுக்கணக்கான அமெரிக்கக் கம்பெனிகள் இதே மாதிரிக் கமிட்டிகளை அமைத்துவிட்டிருந்தன. 1935இல் வந்த வாக்னர் சட்டம், நிர்வாகம் தானே அமைத்து நடத்தும் இத்தகைய சங்கங்களைச் சட்ட விரோதமாக்கியது. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால் அந்த அன்பு எத்தகையது என்று புரிந்துகொள்ளலாம்.

கேட்கும் காது, கொடுக்காத கை

சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாதார்ன் என்ற இடத்தில் டெலிபோன் கருவி செய்யும் பெரிய ஆலை இருந்தது. அங்கே 1924 முதல் 1932 வரை பரிசோதனைகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். ஓய்வு நேரத்தை மாற்றினார்கள். தொழிலாளியைக் கவனிக்கிறோம் என்று காட்டினாலே உற்பத்தி கூடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர் பலர் அந்த முடிவையே சந்தேகித்தார்கள் என்பது வேறு விஷயம். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைத் தனித்தனியே உட்கார வைத்து அவர்கள் மனக்குறையைக் கேட்டார்கள். கேட்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? குறுக்கே பேசக் கூடாது, வாதாடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. பொறுமையாகக் கேட்க வேண்டும். மனப்பாரம் இறங்கியதும் தொழிலாளி தெளிந்த முகத்தோடு மெஷினுக்குத் திரும்புவான். குறை தீர்ந்ததா என்பதல்ல கணக்கு. சொல்லித் தீர்த்துவிட்டானா என்பதே கணக்கு. 1929க்குப் பின் பொருளாதார நெருக்கடி வந்தபோது, இத்தனை கவனமாகக் காது கொடுத்த அதே ஆலை ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்புச் செய்தது.

மோட்டார் கார் முதலாளி ஹென்றி போர்டு இன்னும் ஒரு படி மேலே போனவர். 1914இல் நாள் ஒன்றுக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்தார். உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் அதில் ஏறக்குறையப் பாதி, கூலி அல்ல. நடத்தை சரியாக இருந்தால் கிடைக்கும் லாபப் பங்கு. நடத்தையைத் தெரிந்துகொள்ள வீடு வீடாக ஆள் அனுப்பினார். குடிக்கிறானா, பணம் சேர்க்கிறானா, வீடு சுத்தமா, சேர்ந்து வாழும் பெண் தாலி கட்டிய மனைவிதானா என்றெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். அதே போர்டு கம்பெனியின் அடியாட்கள்தான் 1937 மே மாதம் ஆலை வாசலில் நோட்டீஸ் கொடுக்க வந்த சங்க ஊழியர்களை அடித்து நொறுக்கியவர்கள். 1941இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பிறகே போர்டு சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்.

நம் ஊரில்

சென்னையில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் இதையெல்லாம் நாம் அந்தக் காலத்திலேயே பார்த்தாயிற்று. மதியச் சோற்றை விழுங்கக்கூட நேரம் போதவில்லை என்ற குமுறலும் சேர்ந்தே 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னே நின்றார்கள். கம்பெனி என்ன செய்தது? கதவடைத்தது. 1920இல் ஐகோர்ட்டுக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள் மேல் நஷ்ட ஈட்டு வழக்குத் தொடுத்தது. தொழிலாளியோடு நேரில் பேசத் தயார், வெளியாரோடு பேச மாட்டோம் என்றது. வெளியார் என்றால் சங்கத் தலைவர்கள்! அந்த வழக்கு எழுப்பிய கிளர்ச்சியே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு, சாதியின் பெயரால் தொழிலாளர் பிளக்கப்பட்டு, துப்பாக்கிச் சூடும் நடந்து முறிந்தது. அதன் பிறகுதான் நிர்வாகமே முன்வந்து நலக் கமிட்டி அமைத்தது. தேதியைக் கவனியுங்கள்: சங்கம் பலமாக இருந்த 1918இல் அல்ல, சங்கம் அடிபட்டுக் கிடந்த 1922இல். கொலராடோவின் கதை அப்படியே பெரம்பூருக்கு வந்தது. இன்று அந்த மில்லே இல்லை. நிர்வாகம் அமைத்த கமிட்டியால் அதை மூடாமல் தடுக்க முடியவில்லை.

வயலுக்கு வருவோம். தஞ்சைப் பண்ணையாளுக்கும் மிராசுதாருக்கும் இருந்ததைவிட நெருக்கமான "தனிப்பட்ட உறவு" எந்த ஆலையில் இருந்தது? பாட்டன் பெயர், பிள்ளை பெயர், மாட்டின் பெயர்வரை ஆண்டைக்குத் தெரியும். கல்யாணத்துக்கு நெல்லும் பணமும் கொடுப்பார். பொங்கலுக்கு வேட்டி கொடுப்பார். அந்தக் கல்யாணக் கடன் மகனையும் பேரனையும் அதே பண்ணையில் கட்டிப் போடும். வேட்டி கொடுத்த அதே கைதான் சவுக்கை எடுத்தது, சாணிப்பாலைக் குடிக்க வைத்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் எப்படி ஒழிந்தன? எந்த ஆண்டையின் மனமாற்றத்தாலும் அல்ல. 1944இல் மன்னார்குடியில் சர்க்கார் அதிகாரிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தத்தால், செங்கொடி ஏறியதால். சேரிக்காரனோடு மிராசுதார் சமமாக உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் அன்றைக்குப் பெரிய செய்தி.

இருபத்து நான்கு ஆண்டு கழித்து கீழவெண்மணியில் கேட்டது என்ன? கூடக் கொஞ்சம் நெல். மிராசுதார்கள் திருப்பிக் கேட்டது என்ன? செங்கொடியை இறக்கு, நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர், உறவாக இருக்கலாம். மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெண்களும் குழந்தைகளுமே பெரும்பாலோர். லட்லோவின் பள்ளமும் வெண்மணியின் குடிசையும் பல்லாயிரம் மைல் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் இரண்டு இடத்திலும் கேட்டது ஒன்றே: சங்கத்தை விட்டு வா. பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று கூறி, 1973இல் ஐகோர்ட் அவர்களை விடுதலை செய்தது.

பழைய கதைகளைக் கிளறுகிறோம் என்று யாராவது சொல்வார்களானால், ஸ்ரீபெரும்புதூருக்கு வாருங்கள் என்போம். 2024 செப்டம்பர் 9ஆம் தேதி சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள். முதன்மையாகச் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள். அக்டோபர் 7ஆம் தேதி நிர்வாகம் ஒரு ஒப்பந்தம் போட்டது. யாரோடு? வேலைநிறுத்தம் செய்த சங்கத்தோடு அல்ல, "தொழிலாளர் கமிட்டி" ஒன்றோடு! மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, குளிர்சாதன பஸ், இன்னும் சில சலுகைகள் தருவதாக அறிவித்தது. பஸ் வேண்டாமென்று தொழிலாளர் சொல்லவில்லை. பஸ்ஸோடு சங்கமும் வேண்டும் என்றார்கள். 37 நாள் நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. 1915இல் பியூப்லோவில் விரித்த அதே ஜமக்காளத்தைத்தான் 2024இல் இங்கே விரித்தார்கள். உட்கார நம் தொழிலாளர் மறுத்துவிட்டார்கள்.

நல்ல மானேஜர் இல்லவே இல்லையா?

இருக்கிறார்கள். இதை நாம் மனதாரச் சொல்லுகிறோம். தொழிலாளியின் கஷ்டத்தைப் பார்த்து உண்மையாகவே மனம் வருந்தும் மானேஜர்களை நாம் அறிவோம். அவர்களுடைய மரியாதைக்கு மரியாதை செய்ய வேண்டும். வாயில் கெட்ட வார்த்தையோடு வரும் மேஸ்திரியைவிட, பெயர் சொல்லி அழைக்கும் அதிகாரி மேலானவரே. மரியாதையாக நடத்தப்படுவது தொழிலாளியின் உரிமை. பல வேலைநிறுத்தங்கள் ஒரு அறைக்காகவும் ஒரு வசவுக்காகவும் மூண்டிருக்கின்றன.

ஆனால் நல்ல மானேஜர் நாளை மாற்றலாகிப் போவார். அவர் சொன்ன வார்த்தை அவரோடு போய்விடும். வந்தவர், "அப்படி யார் சொன்னது? எழுத்தில் இருக்கிறதா?" என்பார். நல்ல மனம் கொண்ட மானேஜரும் டைரக்டர் போர்டின் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆட்குறைப்புப் பட்டியல் மேலேயிருந்து வந்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரும் கையெழுத்துப் போடுவார். அவர் கண்ணீர் பொய்யென்று நாம் சொல்லவில்லை. வேலை போனது போனதுதான்.

இன்னொரு விஷமும் இதில் உண்டு. தனி உறவு தனி ஆளுக்குத்தான் கிடைக்கும். ஒருவனுக்கு அட்வான்ஸ், ஒருவன் மகனுக்கு வேலை, ஒருவனுக்கு இரவு ஷிப்டிலிருந்து விடுதலை. பக்கத்து மெஷின்காரன் இதைப் பார்க்கிறான். அவனும் தனியாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். சங்கத்தில் ஒன்றாகப் போய்க் கேட்டிருந்தால் எல்லோருக்கும் கிடைக்கக்கூடியதை, ஒருவரையொருவர் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு சலுகையாக வாங்குகிறார்கள். தீபாவளி போனஸை முதலாளியின் இனாம் என்று சொல்லிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. கும்பிட்டு வாங்கினார்கள். போராடி, 1965இல் அதைச் சட்டமாக்கிய பிறகு கணக்குக் கேட்டு வாங்கினார்கள். கும்பிட்டு வாங்கியது முதலாளி நினைத்தால் குறையும். கணக்குக் கேட்டு வாங்குவதைக் குறைக்க வேண்டுமானால் அவர் பாலன்ஸ் ஷீட்டைக் காட்டியாக வேண்டும்.

ஆகவே மானேஜர் வீட்டுக்கு வந்தால் உட்காரச் சொல்லுங்கள், காப்பி கொடுங்கள். அதோடு, போனவாரம் கேட்ட பஞ்சப்படி பாக்கியையும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். சங்கத்தோடு பேசத் தயாரா என்று கேளுங்கள். அந்த இடத்தில் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

நம்மைப் பற்றியும்

இவ்வளவும் முதலாளியைப் பற்றிச் சொன்னோம். நம் வீட்டுக் குப்பையையும் கூட்ட வேண்டும்.

பி.சீனிவாசராவ் கன்னட நாட்டிலிருந்து வந்தவர். தமிழே அரைகுறையாகத்தான் வந்தது. 1940களில் தஞ்சைச் சேரிகளுக்குள் போனார். அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே படுத்தார். எந்தக் குடிசையில் யார் இருக்கிறார்கள், யார் மேல் எவ்வளவு கடன், யார் வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் நடனம் ஆட வரவில்லை, படம் பிடிக்கவும் யாரும் இல்லை. அந்த நெருக்கத்திலிருந்துதான் சங்கம் முளைத்தது. ஆளறிந்து பழகும் வித்தை முதலாளிகளுடையது அல்ல, அது நம்முடையது. நம்மிடமிருந்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இன்று நிலைமை என்ன? பல கிளைகளில் செயலாளர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார். சந்தா ரசீதும் சர்க்குலரும் தொழிலாளியைத் தேடிப் போகின்றன; செயலாளர் போவதில்லை. பேச்சுவார்த்தையில் என்ன பேசினோம் என்று கேட் மீட்டிங்கில் சொல்வதற்குள் பத்து நாள் ஆகிவிடுகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளி, வெளி மாநிலத்திலிருந்து வந்து ஆஸ்டலில் அடைபட்டுக் கிடக்கும் பெண், ஒப்பந்தக்காரன் லாரியில் அறுவடைக்கு வரும் குடும்பம் ஆகியோரின் பெயர்கள்கூட நம் பதிவேட்டில் இல்லை. அவர்கள் பெயரெல்லாம் நிர்வாகத்தின் பதிவேட்டில் இருக்கின்றன. லட்லோவில் இருபது மொழிக்காரர்களையும் கூடாரம் கூடாரமாகப் போய் ஒன்று சேர்த்தார்கள். நம் ஆலை வாசலில் ஒடியா பேசும் பையனிடம் பேச ஒரு தோழரை நாம் தயார் செய்திருக்கிறோமா?

முதல் பாராவில் சொன்ன தொழிலாளியின் மகளுக்குக் காய்ச்சல் என்பது மானேஜருக்குத் தெரிந்திருந்தது. சந்தா வாங்கப் போன நம் தோழருக்குத் தெரிந்திருந்ததா?